மடியில் படுத்த புலி

கே: எங்கள் பூனை தானாகவே மடியில் வந்து படுக்கிறது. தடவிக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் திடீரென்று கடிக்கிறது. என்ன துரோகம் இது? (வாசகி, கும்பகோணம்)

ப: திடீரென்று இல்லை அம்மா. கடிக்கும் முன் நோட்டீஸ் அனுப்பியிருக்கும். நீங்கள்தான் கையெழுத்துப் போட்டு வாங்கவில்லை. வால் நுனி டப் டப்பென்று உங்கள் தொடையில் அடிக்கும். முதுகுத் தோல் சிலிர்த்து ஓடும். காது பக்கவாட்டில் மடங்கும். வால் ஆடத் தொடங்கியதுமே கையை எடுத்துவிடுங்கள். கன்னத்திலும் தாடைக்கு அடியிலும் தடவலாம். மல்லாந்து வயிற்றைக் காட்டுவது உங்கள் மேல் உள்ள நம்பிக்கை. தடவ அனுமதி அல்ல.

குட்டியாக இருந்தபோது விரலை ஆட்டி விளையாட்டுக் காட்டினீர்களா? அப்படியானால் விரலும் எலியும் ஒன்று என்று பாடம் நடத்தியதே நீங்கள்தான். இனி குச்சியில் கயிறு கட்டி, நுனியில் துணியை முடிந்து, தினமும் துரத்த விடுங்கள். கடைசியில் பிடிக்க விட்டு, சாப்பாடு வையுங்கள். அடிக்க வேண்டாம். பயம்தான் கூடும், கடி குறையாது.

ஜன்னல் வழியே தெருப் பூனையைப் பார்த்து உறுமும்போது தூக்கப் போகாதீர்கள். ஆபீஸில் திட்டு வாங்கி வந்த கணவர் மாதிரிதான்: கோபம் அங்கே, கடி இங்கே.

சாதுவாக இருந்தது சட்டென்று மாறினால் பல்வலியோ மூட்டுவலியோ இருக்கலாம்; கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் கையில் பல் பதிந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறிநோய் பூனை கடித்தாலும் வரும்.