கையெட்டும் தூரத்தில் கருவிகள்

புதுவீடு குடிபோனவர், ஓசூர்: கார் ஷெட்டில் ஒரு சுவர் முழுக்கக் காலி. நூறு உருப்படி கொண்ட டூல் கிட் ஒன்று தள்ளுபடியில் கிடைக்கிறது. வாங்கி மாட்டிவிடலாமா?

பெட்டியைத் திறந்து எண்ணிப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவர் முனைகளும் ஆணிகளும் ரால் பிளக்குகளும்தான் அந்த நூறைப் பெரும்பாலும் நிரப்பியிருக்கும். வீட்டுக்கு முதலில் தேவை எட்டே சாமான்கள்: ஆணி பிடுங்கும் கொம்பு வைத்த 450 கிராம் சுத்தியல், 8 அங்குலக் கட்டிங் பிளேயர், தட்டை முனை ஸ்க்ரூ டிரைவர், நட்சத்திர முனை ஸ்க்ரூ டிரைவர், டெஸ்டர், 10 அங்குல ஸ்க்ரூ ஸ்பானர், ஆக்சா பிரேம், 5 மீட்டர் டேப். மற்றதை வேலை வரும்போது வாங்குங்கள். வேலை கேட்டு வாங்கிய கருவி மூலையில் கிடப்பதில்லை.

வங்கி ஊழியர், விருதுநகர்: எல்லாம் பளபளவென்றுதான் இருக்கின்றன. நல்ல கருவியைக் கடையிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

பளபளப்பு முலாமின் வேலை. நீங்கள் வாயையும் மூட்டையும் பாருங்கள். கட்டிங் பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நுனியில் இடைவெளி தெரிந்தால் மெல்லிய கம்பி வெட்டுப்படாது. கைப்பிடிகளைப் பக்கவாட்டில் அசையுங்கள்; மூட்டு ஆடினால் வைத்துவிடுங்கள். ஸ்பானர் என்றால் கடைக்காரரிடம் அதே அளவு நட்டு ஒன்று கேட்டுப் பொருத்திப் பாருங்கள். உள்ளே ஆடக் கூடாது. குரோம் வனேடியம் எஃகு என்ற முத்திரை இருப்பது நல்லது, ஆனால் முத்திரை குத்துவது சுலபம். நட்டில் பொருத்திப் பார்ப்பதுதான் சோதனை. ஜலந்தர், நாகௌர், நாசிக் என்று கைக்கருவிக்குப் பேர்போன ஊர்கள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. தினமும் கைக்கு வருவதில் தாராளமாகச் செலவிடுங்கள், வருஷத்துக்கு ஒருமுறை எடுப்பதில் சிக்கனம் பாருங்கள்.

ஐ.டி.ஐ. மாணவர், சேலம்: 8 எம்.எம். போல்ட்டுக்கு 8ஆம் நம்பர் ஸ்பானர் பொருந்தவில்லையே, ஏன்?

போல்ட்டின் அளவு அதன் தண்டின் தடிமன். ஸ்பானரில் உள்ள எண், நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே உள்ள அகலம். அதனால் 6 எம்.எம். போல்ட்டுக்கு 10, 8 எம்.எம். போல்ட்டுக்கு 13, 10 எம்.எம். போல்ட்டுக்கு 17 என்று பொருந்தும். ஜப்பானிய வண்டிகளில் 8க்கு 12, 10க்கு 14 வரும். 8, 10, 12, 13, 14, 17 ஆகிய ஆறும் இருந்தால் வீட்டிலும் வண்டியிலும் முக்கால்வாசி நட்டு கழன்றுவிடும். 10ஆம் நம்பரை மட்டும் இரண்டாக வாங்குங்கள். அதிகம் உழைப்பதும் அதிகம் தொலைவதும் அதுதான்.

பைக் பிரியர், கோயம்புத்தூர்: என் ஜப்பானிய பைக்கின் ஸ்க்ரூக்கள் எல்லாம் தலை வழுக்கிப் போகின்றன. நல்ல நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர்தான் வைத்திருக்கிறேன்.

ஸ்க்ரூ டிரைவர் நல்லது, ஜோடிதான் தப்பு. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் நட்சத்திர முனை, அமெரிக்கரான ஹென்றி பிலிப்ஸ் 1936இல் காப்புரிமை பெற்ற வடிவம். ஜப்பானியத் தரத்தில் செய்த ஸ்க்ரூ பார்வைக்கு அதே போல இருக்கும், குழியின் வடிவு வேறு. பிலிப்ஸ் முனை அதன் அடிவரை இறங்காமல் பாதியில் நின்று, திருப்பும்போது மேலேறி வந்துவிடும். தலையில் கூட்டல் குறிக்குப் பக்கத்தில் சின்னப் புள்ளி ஒன்று தெரிந்தால் அது ஜப்பானிய ஸ்க்ரூ. ஜே.ஐ.எஸ். முனை என்று கேட்டு வாங்குங்கள். இறுகிப்போன ஸ்க்ரூவுக்கு, சுத்தியலால் தட்டினால் திரும்பும் இம்பாக்ட் டிரைவர் உண்டு. எதுவானாலும் அழுத்தம் முக்கால் பங்கு, திருப்பல் கால் பங்கு.

குடும்பத் தலைவி, ஈரோடு: ஸ்க்ரூ ஸ்பானர் போட்டால் குழாயின் நட்டு மழுங்கிவிடுகிறது.

ஸ்க்ரூ ஸ்பானரில் அசையாத தாடை ஒன்று, நகரும் தாடை ஒன்று. ஸ்வீடனின் யோகான்சன் 1890களின் தொடக்கத்தில் கொடுத்த வடிவம்தான் இன்றும் நம் கையில் இருக்கிறது. பாரம் முழுக்க அசையாத தாடையில் விழும்படி திருப்ப வேண்டும். மாற்றிப் போட்டால் நகரும் தாடை நெகிழ்ந்து நட்டின் முனையைத் தின்னும். முதலில் ஆட்டம் இல்லாமல் இறுக்குங்கள், பிறகு உங்களை நோக்கி இழுங்கள். தள்ளினால், நட்டு திடீரென்று விட்டுக்கொடுக்கும்போது விரல் சுவரில் மோதும். சரியான அளவு ரிங் ஸ்பானர் இருந்தால் ஸ்க்ரூ ஸ்பானரைத் தொடவே வேண்டாம்.

குழாய் வேலை பழகுபவர், கரூர்: ஆக்சா பிளேடை எந்தப் பக்கம் மாட்டுவது?

பற்கள் கைப்பிடிக்கு எதிர்த் திசையைப் பார்க்க வேண்டும். முன்னே தள்ளும்போதுதான் வெட்டு. திரும்பி வரும்போது அழுத்தாதீர்கள். கனமான இரும்புக்கு அங்குலத்துக்கு 18 பல், ஜி.ஐ. பைப்புக்கு 24, மெல்லிய தகட்டுக்கு 32. எப்போதும் இரண்டு மூன்று பற்களாவது உலோகத்தின் மீது பட்டுக்கொண்டிருந்தால் பல் உடையாது.

ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி, ராணிப்பேட்டை: எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் பலகையில் வரைந்து வைத்திருப்போம். வீட்டுக்கு அதெல்லாம் அதிகப்படியா?

இந்தப் பகுதிக்கு வந்த கேள்விகளில் என்னை அதிகம் மகிழ்வித்தது உங்களுடையது. அதிகப்படியே இல்லை. ஜப்பானியத் தொழிற்சாலைகள் வளர்த்தெடுத்து உலகத்துக்குத் தந்த ‘5 எஸ்’ ஒழுங்கின் சாரமே அந்தப் பலகையில் இருக்கிறது. வேண்டாததைக் கழி, வேண்டியதற்கு இடம் கொடு, துடை, அதையே வழக்கமாக்கு, வழக்கத்தை விடாதே. சாயங்காலம் பலகையைப் பார்த்தால், எது திரும்பி வரவில்லை என்பதை வெற்று உருவமே காட்டிக்கொடுக்கும். பட்டியலும் வேண்டாம், ஞாபகமும் வேண்டாம்.

செய்யும் முறை இதுதான். முதலில் கருவிகளைத் தரையில் பரப்பி, எடுக்கும் கைக்கு இடிக்காத தூரத்தில் அடுக்கிப் பாருங்கள். பிறகு 12 எம்.எம். பிளைவுட். கார் ஷெட் ஈரத்துக்குச் சாதாரண ரகம் உப்பிவிடும், ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பி.டபிள்யூ.பி. ரகம் தாங்கும். பலகையைச் சுவரோடு ஒட்டாமல், பின்னால் ஓர் அங்குலச் சட்டம் கொடுத்துப் பொருத்துங்கள். காற்று போகும், கரையான் ஏறினாலும் கண்ணில் படும். இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே அடிக்கடி எடுப்பவை. அதற்கு மேலே எப்போதாவது எடுப்பவை. சம்மட்டி, கடப்பாரை, ஜாக்கி எல்லாம் தரையோரம். குழந்தைகள் உள்ள வீடென்றால் ரம்பமும் உளியும் பூட்டுக்குள் போகட்டும். இடம் உறுதியான பிறகே பெயின்ட்டால் உருவம் வரையுங்கள். நாலில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விடுங்கள். நாளைக்கு வரப்போகும் கருவிக்கும் முகவரி வேண்டும்.

தனியார் நிறுவன ஊழியர், தாம்பரம்: அந்தப் பலகையை மாட்டத் துளை போட்டால் சுவர் உதிர்கிறது.

தட்டிப் பாருங்கள். செங்கல் சுவர் என்றால் பூச்சைத் தாண்டிச் செங்கல் வரை துளை இறங்க வேண்டும். கார்பைடு முனை வைத்த 6 எம்.எம். பிட், அதே 6 எம்.எம். ரால் பிளக், துளைக்குள் தூசி இருக்கக் கூடாது. ஏ.ஏ.சி. பிளாக் சுவர் என்றால் டிரில் மெஷினின் சுத்தியல் அடியை நிறுத்திவிட்டு வெறும் சுழற்சியில் துளையிட்டு, அதற்கென்றே உள்ள நீளமான பிளக்கைப் போடுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் துளை போடவே போடாதீர்கள். ஒயர் போகும் பைப் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் இருக்கும்.

அடுக்குமாடிக் குடியிருப்புவாசி, வேளச்சேரி: எனக்குக் கார் ஷெட் கிடையாது, பார்க்கிங் கோடு மட்டும்தான். எங்கே வைப்பது?

வீட்டுக்குள், ஒரே பையில். பாக்கெட்டுகள் தைத்த கான்வாஸ் சுருள் ஒன்றில் பத்துக் கருவிகள் அடங்கும். விரித்தால் எல்லாம் கண்முன்னே, சுருட்டினால் அலமாரியின் ஒரு மூலை. பார்க்கிங்கில் பெட்டி வைக்க ஆசைப்படாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தை வேளச்சேரி மறந்திருக்காது. உங்கள் ஊரில் கருவிக்கு நல்ல இடம் தண்ணீருக்கு எட்டாத இடம்.

குடும்பத் தலைவி, தூத்துக்குடி: எதை வாங்கினாலும் ஆறே மாதத்தில் துரு. தேங்காய் எண்ணெய் தடவியும் நிற்கவில்லை.

உங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. உப்புத் துகள் இரும்பின் மேல் உட்கார்ந்து ஈரத்தை இழுக்கும். எனவே முதலில் துடைப்பு, பிறகு எண்ணெய். தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும், நாளானால் சிக்குப் பிடிக்கும், தூசியைச் சேர்க்கும். தையல் மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிய படலமாகத் தடவுங்கள். செய்தித்தாளிலும் அட்டைப்பெட்டியிலும் சுற்றி வைக்காதீர்கள். இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியும் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். ஜெல்லின் நிறம் மாறினால் பொட்டலத்தை மாற்றுங்கள்.

வேன் உரிமையாளர், நாமக்கல்: கீல், செயின், பூட்டு எல்லாவற்றுக்கும் டபிள்யூ.டி.-40 அடிக்கிறேன். சரிதானே?

1953இல் அமெரிக்காவில் அதை உருவாக்கியதே உலோகத்திலிருந்து நீரை விலக்கத்தான். பெயரிலுள்ள 40, நாற்பதாவது முயற்சியில் கைகூடியதைச் சொல்கிறது. துருப்பிடித்த நட்டை இளக்கவும் ஈரத்தை விரட்டவும் அருமையானது. ஆனால் நாள்பட உழைக்கும் மசகு அது அல்ல. கீலுக்கு மெஷின் எண்ணெய், செயினுக்குச் செயின் லூப், பூட்டுக்குக் கிராஃபைட் தூள்.

எலக்ட்ரிக்கல் கடை உதவியாளர், மதுரை: கட்டிங் பிளேயரின் கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை இருந்தால் கரண்ட் வேலைக்குப் போதாதா?

போதாது. பல உறைகள் பிடிமானத்துக்காக மட்டும் போட்டவை. 1000 வோல்ட் என்ற எழுத்தும் இரட்டை முக்கோணக் குறியும் பொறித்திருப்பதுதான் சோதித்துச் செய்த காப்பு. அதை வைத்திருந்தாலும் மெயினை நிறுத்திவிட்டே தொடுங்கள். டெஸ்டரையும் முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்து எரிகிறதா என்று பார்த்த பிறகே நம்புங்கள். உள்ளே இருக்கும் விளக்கு கெட்டுப்போயிருந்தால், உயிருள்ள ஒயரும் செத்ததாகத்தான் காட்டும்.

டாக்ஸி ஓட்டுநர், திருச்சி: ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் படுத்து வேலை செய்யலாமா அண்ணே?

வேண்டாம் தம்பி. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல. எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கெட்டியான சமதரையில் ஜாக் ஸ்டாண்டு இரண்டு நிறுத்திய பிறகே தலையை உள்ளே விடுங்கள். இந்தப் பக்கத்தில் சொன்ன மற்ற எதையும் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போடக் கூடாது.

பட்டதாரி, கும்பகோணம்: தச்சரான அப்பாவின் உளிகளும் இழைப்புளியும் பரணில் துருவேறிக் கிடக்கின்றன. பழைய இரும்புக்குப் போடலாமா?

போடாதீர்கள். மேல்துருதான், பெரும்பாலும் உள்ளே எஃகு நலமாக இருக்கும். ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, இரும்பு நாரால் தேய்த்துத் துடையுங்கள். சாணைக்குக் கொடுத்தால் பக்கத்திலேயே நின்று, அடிக்கடி தண்ணீரில் தோய்க்கச் சொல்லுங்கள். விளிம்பு நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது என்று அர்த்தம். காம்பு பிளந்திருந்தால் கருவேலங்கட்டையில் புதுக் காம்பு போடச் சொல்லுங்கள், கொட்டாப்புளி அடியை நன்றாகத் தாங்கும். பிறகு அவற்றைப் பலகையில் மாட்டி உபயோகியுங்கள். அப்பாவின் கை பட்டுப் பட்டு வழவழப்பான பிடிக்கு விலை கிடையாது.

ஆசிரியை, திருவாரூர்: ஆயுத பூஜைக்குக் கருவிகளைக் கழுவிச் சந்தனம் வைப்பது சரியா?

வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு கருவியையும் கையிலெடுத்துப் பார்க்க நம் முன்னோர் கொடுத்த நாள் அது. சந்தனமும் குங்குமமும் ஈரம், ஆகையால் விஜயதசமி அன்று துடைத்து எண்ணெய் தடவி மாட்டுங்கள். தளர்ந்த காம்பு, மழுங்கிய முனை, தேய்ந்த பிளேடு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போகவும் அதுவே நல்ல நாள்.

மளிகைக்கடைக்காரர், பழனி: அக்கம்பக்கத்தார் கேட்டால் கருவியை இரவல் தரலாமா?

தாருங்கள். தெருவுக்கு ஒரு டிரில் மெஷின் போதும், வீட்டுக்கு ஒன்று எதற்கு? கொடுத்த கையோடு வாங்கியவர் பெயரை ஒரு சீட்டில் எழுதி, காலியான ஆணியில் மாட்டுங்கள். சங்கடமும் இல்லை, மறதியும் இல்லை. தீட்டிய உளியை மட்டும் கொடுக்க வேண்டாம். அதன் விளிம்பு அவரவர் கைக்குப் பழகியது. அந்த வேலையை நீங்களே போய்ச் செய்துகொடுங்கள்.

பத்தாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்: என் சைக்கிளை நானே பழுதுபார்க்க ஆசை. என்னென்ன வாங்க வேண்டும் சார்?

டயர் கழற்றும் லீவர் இரண்டு, பங்ச்சர் ஒட்டும் சாமான், கைப்பம்பு, ஆலன் கீ செட், 15 எம்.எம். ஸ்பானர். பெடலைக் கழற்றும்போது ஒன்று நினைவிருக்கட்டும் அம்மா: இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழ், அதை வலப்பக்கமாகத் திருப்பினால்தான் கழலும். எல்லாவற்றையும் பழைய பென்சில் பவுச் ஒன்றில் போட்டுச் சீட்டுக்கு அடியில் கட்டிவிடுங்கள். வழியில் நிற்கும்போதுதான் அவை தேவைப்படும். முதல் பங்ச்சர் ஒட்டியதும் டியூபில் காற்றடித்து வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழ் வரவில்லையென்றால் அடுத்த வாரம் தோழிகளின் சைக்கிள்களும் உங்கள் வாசலுக்கு வரும். அப்போது சுவரில் மாட்ட ஒரு சின்னப் பலகையை அப்பாவிடம் கேளுங்கள்.