நெகட்டிவ் சீட்டு மகாத்மியம்

2021 மார்ச் முழுக்கத் தமிழ்நாட்டுத் திடல்களில் சட்டமன்றத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டுத் தலைவர்கள் பேசினார்கள். வேனில் நின்று பேசினார்கள், மேடையில் நின்று பேசினார்கள், முகக்கவசத்தைத் தாடையில் தொங்கவிட்டுக்கொண்டு கொரோனாவைப் பற்றியும் பேசினார்கள். கீழே தோளோடு தோள் உரசி நின்ற கூட்டத்திடம் யாரும் எந்தச் சீட்டும் கேட்கவில்லை. ஏப்ரல் 6-ல் ஓட்டு விழுந்தது. அடுத்து பிணம் விழுந்தது. ஏப்ரல் 26-ல், தேர்தல் ஆணைய அதிகாரிகள் மீது கொலை வழக்கே போடலாம் என்கிற அளவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் கொதித்தது. இரண்டே நாளில் ஆணையத்துக்கு ஞானம் பிறந்தது: வாக்கு எண்ணும் கூடத்துக்குள் நுழைய வேட்பாளருக்கும் முகவருக்கும் 48 மணி நேரத்துக்குள் எடுத்த நெகட்டிவ் சான்றிதழ் வேண்டும், இல்லையென்றால் தடுப்பூசி இரண்டு டோஸ்.

ஆயிரம் பேர் இருமியபோது தூங்கிய ஆணையம், இருபது பேர் எண்ணும்போது விழித்துக்கொண்டது. சரி, விழித்ததே என்று மகிழலாம் என்றால், அந்தச் சீட்டு என்ன சொல்லும்? வெள்ளிக்கிழமை காலையில் மூக்கில் குச்சி விட்ட நேரத்தில் அந்தக் குச்சியில் கிருமி அகப்படவில்லை என்று சொல்லும். உடம்புக்குள் ஏற்கெனவே புகுந்து பெருகத் தொடங்கியிருக்கும் கிருமி வாக்கு எண்ணும் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யும் என்று சொல்லாது. காய்ச்சல் வருவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே இந்த நோய் அடுத்தவருக்குத் தாவும். ஆனால் 48 மணி நேரம் அமைதி காப்பதாகக் கிருமி ஆணையத்துக்கு உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்ததோ என்னவோ.

பாசிட்டிவ் சீட்டின் பெருமை இதைவிடப் பெரிது. ஆர்.டி.பி.சி.ஆர். கருவி கிருமியின் மரபணுத் துணுக்கைத் தேடி, ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கும். எத்தனையாவது சுற்றில் அது கண்ணுக்குப் பட்டதோ அதுதான் சி.டி. வேல்யூ. 18-வது சுற்றில் பிடிபட்டவரும் பாசிட்டிவ், 34-வது சுற்றில் பிடிபட்டவரும் பாசிட்டிவ். நடுவே இருப்பது 16 இரட்டிப்பு. கணக்குப்படி 65,000 மடங்குக்கு மேல் வித்தியாசம். முதல் ஆள் பேசினாலே பரப்பக்கூடியவர். இரண்டாமவர் நோயின் தொடக்கத்தில் இருக்கலாம்; பல நேரங்களில் நோய் முடிந்து, செத்த கிருமியின் சிதறலை மட்டும் மூக்கில் சுமப்பவராக இருப்பார். அந்தச் சிதறல் மூன்று மாதம்கூட ஒட்டிக்கொண்டிருக்கும். செத்துப்போன திருடனின் கைரேகையைக் கண்டு ஊரைச் சாத்தச் சொல்கிற போலீஸ் புத்தி இது.

சி.டி. எண்ணை வைத்து ஒருவர் தொற்றுவாரா மாட்டாரா என்று தீர்மானிக்காதீர்கள் என்றது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். காரணங்கள் நியாயமானவை: கிட்டுக்குக் கிட்டு எண் மாறும், குச்சியைச் சரியாக விடாவிட்டாலும் மாறும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே கிட், அதே குச்சி, அதே அவசரம் சேர்ந்து தந்த 'பாசிட்டிவ்' என்ற ஒற்றைச் சொல் மட்டும் எப்படி அய்யா வேதவாக்கானது?

அந்த வாக்கை நம்பித்தான் 2020-ல் சென்னை மாநகராட்சி பாசிட்டிவ் வந்தவர்களின் வீட்டு வாசலில் தகரம் அடித்தது. ஒருவருக்குக் காய்ச்சல் வரும்; இரண்டு நாள் கஷாயத்தில் போகும்; மூன்றாம் நாள் பரிசோதனை; ரிசல்ட் வர இன்னும் ஓரிரு நாள். பரப்பும் வேகம் உச்சத்தில் இருக்கும் அந்த நாட்களில் அவர் மருந்துக்கடையிலும் ஷேர் ஆட்டோவிலும் சுற்றுவார். வேகம் தணியத் தொடங்கும்போது தகரமும் ஆணியும் சுத்தியலும் வரும். குடும்பத்தில் மற்றவர்களுக்குத் தொற்றியிருக்கலாமே என்பார்கள். இருக்கலாம். அதற்கு அரிசி பருப்பைக் கொண்டுவந்து கொடுத்து வீட்டிலேயே இருக்கச் சொன்னால் போதும். தீப்பிடித்தால் ஓடவும் வழியில்லாமல் வாசலை அடைக்கச் சொன்ன மருத்துவப் புத்தகம் எது?

இதற்கிடையே நம் அரசு மார்தட்டிக்கொண்டிருந்தது: நாங்கள் ஆன்டிஜென் பக்கமே போகமாட்டோம், நூற்றுக்கு நூறு ஆர்.டி.பி.சி.ஆர்.தான்! அரைமணியில் முடிவு சொல்லும் ஆன்டிஜென் அட்டை சிலரைத் தவறவிடும், உண்மை. எண்ணிக்கை காட்டுவதற்காக அதை வாரி இறைத்த மாநிலங்களும் உண்டு. ஆனால் கிருமி மிகுந்திருக்கும் நாளில், அதாவது பரப்பும் நாளில், பெரும்பாலும் கையும் களவுமாகப் பிடிப்பது அந்த அட்டைதான். அதை வைத்துக்கொண்டு வாரம் இருமுறை சோதிக்கலாம் என்று அமெரிக்காவில் மைக்கேல் மீனா போன்ற தொற்றுநோயியல் நிபுணர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். நமக்கோ ஆர்.டி.பி.சி.ஆர். என்ற தங்கத் தரம்தான் வேண்டியிருந்தது. தங்கம் இரண்டு நாள் கழித்து வந்தாலும்.

2020 மே 8-லேயே மத்திய சுகாதார அமைச்சகம் விதியை மாற்றிவிட்டது: லேசான நோயாளிக்குப் பத்து நாள் கழிந்து, கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லையென்றால் மறுபரிசோதனை வேண்டாம். அதே மாதம் தென்கொரியா, குணமாகி மீண்டும் பாசிட்டிவ் வந்த 285 பேரின் தொடர்புகளை அலசியது. அவர்களிடமிருந்து மட்டுமே தொற்றியது என்று ஒருவரையும் காட்ட முடியவில்லை. நம் ஹெச்.ஆர். மேலாளருக்கும் அடுக்குமாடிச் சங்கச் செயலாளருக்கும் இதெல்லாம் எதற்கு? "நெகட்டிவ் ரிப்போர்ட் கொண்டுவாங்க சார், அப்புறம் பார்க்கலாம்." வீட்டுவேலை செய்த அக்காவுக்கு அந்த 'சார்'கூடக் கிடைக்கவில்லை. சம்பளம் கேட்டால் ரிப்போர்ட், ரிப்போர்ட் கேட்டால் காசு.

பெரிய இடத்துக்கு வேறு நியாயம். 2020 செப்டம்பர் 26-ல் வெள்ளை மாளிகைத் தோட்டத்து விழாவில் வாசலிலேயே துரித சோதனை. நெகட்டிவ் என்றதும் முகக்கவசம் கழன்றது. அடுத்த நாட்களில் அதிபர் டிரம்ப், அவர் மனைவி, செனட்டர்கள் என்று வரிசையாகப் படுத்தார்கள். அங்கேயும் சீட்டு நம்பிக்கை, நம்பியவர்களின் சீட்டைக் கிழித்தது. ஆனால் டிரம்ப் மீண்டும் கூட்டத்துக்குக் கிளம்பியபோது, அவர் தொற்றமாட்டார் என்று சொல்ல மருத்துவர் எதையெல்லாம் எடுத்துவைத்தார் தெரியுமா? கிருமி அளவு, துணை மரபணு ஆர்.என்.ஏ., சி.டி. வேல்யூ, அடுத்தடுத்த நாட்களில் ஆன்டிஜென் அட்டை. நாம் கேட்கக்கூடாத எண்ணும், நாம் தொடமாட்டோம் என்ற அட்டையும் ஓர் அதிபருக்காக ஒன்றாக வந்து நின்றன.

நமக்கென்று எதுவும் இல்லாமல் இல்லை. குச்சி விடுமுன் நிரப்பும் ஐ.சி.எம்.ஆர். படிவத்தில் 'அறிகுறி தொடங்கிய தேதி' என்று ஒரு கட்டம் இருந்தது. காய்ச்சல் கண்ட பெரும்பாலோர் எப்போது வெளியே வரலாம் என்று சொல்ல, அந்தத் தேதியும் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரும் போதும். ஆனால் காலண்டரைக் கிழிக்க, 2020-ல் பரிசோதனைக்கு வாங்கியதுபோல 4,500 ரூபாய் வாங்க முடியாது, டெண்டரும் விட முடியாது.