தாய்மாமன் திருமணமும் தரவுச் சிக்கனமும்: ஓர் ஆய்வு

சொந்தத்தில் பெண்ணெடுப்பது எதற்காக என்றால், நிலமும் நகையும் வெளியே போகாமலிருக்க என்பதுதான் மானிடவியலாரின் வழக்கமான பதில். கிராம்ப்ஸ் போன்ற வம்சாவளி மென்பொருளில் ஒரு பெரிய குடும்பத்தை ஏற்ற முயன்றவர்களுக்கு இந்தப் பதில் போதாது. நம் முன்னோர் காத்தது காணியை அல்ல, தரவுத்தளத்தை. கணக்கு எளிது. பெற்றோர் 2, அவர்களைப் பெற்றோர் 4 என்று இரட்டித்துக்கொண்டே போனால் பத்தாம் தலைமுறையில் 1,024 பேர். முப்பதாம் தலைமுறையில் 107 கோடிக்கும் மேல். தலைமுறைக்கு 25 ஆண்டு என்று வைத்தால் அது மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம். அன்றைய உலகம் முழுவதையும் எண்ணினாலும் அதில் பாதி தேறாது. ஆகவே முன்னோரில் பலர் இரட்டை வேடம் கட்டியே ஆகவேண்டும். பிற இடங்களில் பெரும்பாலும் தெரியாமல் நடந்த இந்தக் காரியம், தமிழகத்தின் பல சாதிகளில் தாம்பூலம் மாற்றி, நாள் குறித்து நடந்தது.

மிக்கேல் ஐட்சிங்கர் 1590-ல் வெளியிட்ட எண்முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. உங்கள் எண் 1. ஒருவரின் எண்ணை இரட்டித்தால் அவருடைய அப்பா. அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. அக்காள் மகளைக் கட்டியவரின் குழந்தையை இதில் பொருத்துவோம். அப்பாவைப் பெற்ற தாத்தா 4. அம்மாச்சி 7; அவள் அப்பாவின் அக்காள் என்பதால் அவளைப் பெற்ற 14-ம் அதே தாத்தாதான். 5-ம் 15-ம் ஒரே பாட்டி. அவர்களுக்கு மேலுள்ளவர்களும் இப்படியே இரண்டாம் முறை தலைகாட்டுவதால், பத்தாம் தலைமுறையின் 1,024 கட்டங்களில் 256-க்குப் புது ஆள் தேவையில்லை. ஒரே கல்யாணத்தில் கால் பங்கு மிச்சம். மாமன் மகளைக் கட்டினாலும் மிச்சம் இதே அளவுதான். ஆனால் அக்காள் மகள் விஷயத்தில் ஒரே தாத்தாவை இரண்டு வரிசையில் நிறுத்த வேண்டியிருப்பதால் வரைபடம் திணறுகிறது. குழந்தை திணறுவதில்லை. அம்மாச்சியே அத்தை, அம்மாவே அத்தை மகள் என்ற நிலையிலும் அது யாரையும் முறை தவறிக் கூப்பிட்டதாகப் பதிவில்லை.

வன்தட்டு மலிந்துபோன காலத்தில் சிக்கனம் எதற்கு என்பார்கள். செலவு வன்தட்டில் இல்லை, பெரியம்மாவிடம் இருக்கிறது. ஒவ்வொரு புதுப் பெயருக்கும் அவர் முன் உட்கார்ந்து, ‘தனுஷ்கோடி புயலுக்கு முந்தின ஆடி’ என்ற பதிலை 1964 என்று மாற்றி எழுதுவதற்குள் ஒரு பாகப்பிரிவினைக் கதையை முழுதாகக் கேட்டாக வேண்டும். ஆள் குறைந்தால் கதை குறையும். (இரண்டே வீட்டுக்குள் சண்டை இரட்டிக்காதா என்பது வேறு துறை.) ஐரோப்பியர் முந்திக்கொண்டார்கள் என்ற வாதம் இன்னும் கனமானது. ஸ்பெயின் அரசர் நான்காம் பிலிப் 1649-ல் மரியானாவை மணந்தார். மரியானா அவருடைய தங்கை மகள்; நம்மூர்ப் பெரியவர்கள் அக்காள் மகளைத்தான் சொல்லியிருப்பார்கள். அவர்கள் மகன் இரண்டாம் சார்லஸுக்கும் 4-ம் 14-ம் ஒருவரே. ஆனால் அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இதையே செய்தது. 1700-ல் சார்லஸ் பிள்ளையில்லாமல் இறக்க, ஸ்பெயின் கிளையே முடிந்தது. அளவுக்கு மீறிச் சுருக்கிய கோப்பு திறக்கவில்லை. நெருங்கிய உறவில் மணந்தால் பரம்பரை நோய்க்கு வாய்ப்பு கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிப்பதை இந்த ஆய்வு மறுக்கவில்லை. வன்தட்டின் ஆரோக்கியம் மட்டுமே இதன் எல்லை. 1955-ம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் தாய்மாமன் உறவைத் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டு, வழக்கம் இருந்தால் ஆகட்டும் என்று விட்டுவிட்டது.

ஒரே பெயர் இருமுறை வந்தால், இருவரும் ஒருவரா, இணைத்துவிடலாமா என்று மென்பொருள் கேட்கும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வீட்டில் இங்கே நிதானம் வேண்டும். மு. கருப்பையாவின் மகன் க. முத்தையா, அவர் மகன் மறுபடியும் மு. கருப்பையா. ‘ஆம்’ என்று அழுத்தினால் தாத்தா தனக்குத் தானே பேரனாகிவிடுவார். இருவரையும் பிரித்துக் காட்டப் பிறந்த ஆண்டு ஒன்றுதான் உண்டு. அது தாத்தாவுக்குத் தெரியாது.