உல்லாச ஸ்தல மாற்றம்: ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

குன்னத்தூரிலிருந்து தீபாவளி விடுமுறைக்குப் புறப்படும் பனியன் கம்பெனி வேன்கள், வழிவழியாக ஏறிவந்த உதகமண்டலத்தை விட்டு வால்பாறைப் பக்கம் திரும்புவது ஏன் என்னும் வினா, வஞ்சி என்பது கரூரா கொடுங்கல்லூரா என்னும் வினாவுக்குச் சற்றும் கனத்தில் குறையாததாயிருந்தும், அறிஞர் பெருமக்களால் இன்றளவும் தீண்டப்படாமலே கிடக்கிறது.

முதற்காரணம் குளிர் என்பர். வெயிலில் வெந்தவனுக்கு எல்லா மலையும் குளிரே என்பதால் அது தள்ளத்தக்கது.

இரண்டாவது செலவு, அதைப் பார்ப்பவன் கொடிவேரியில் குளித்துவிட்டுப் பொழுது சாய வீடு திரும்புவான்.

மூன்றாவது இ-பாஸ். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயமாகவே ஜனங்கள் வால்பாறைக்கு ஓடினர் என்பது பூர்வபட்சம். 2025 நவம்பரில் வால்பாறைக்கும் அது வந்துவிட்டபடியால், பாஸ்தான் கூட்டத்தைத் துரத்துகிறதேயன்றிக் கூட்டம் பாஸுக்கு அஞ்சவில்லை என்பது தெளிவு.

நான்காவதே சித்தாந்தம்: பக்கத்து மெஷின். விடுமுறை கழிந்த முதல் நாள், ஓவர்லாக்கில் நூல் கோத்தபடி ஒருவர், “ஊட்டி போய்ட்டு வந்தமுங்க” என்கிறார். ஃபிளாட்லாக்கிலிருப்பவர் தலை நிமிராமல், “இன்னும் ஊட்டிக்குத்தான் போறீங்களாக்கு?” என்கிறார். அந்த க்ஷணமே படகு, பூங்கா, வர்க்கி யாவும் செல்லாக்காசாகின்றன. மறுவருஷம் அவர் வால்பாறை சென்று, நாற்பது கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்து சொல்கிறார். ஊரே நாற்பது சொல்லத் தொடங்கியதும், எழுபதுள்ள கொல்லிமலைக்கு வேன் பேசப்படுகிறது. இதற்குப் பிரமாணங்கள்: வால்பாறைச் சாலையின் ஒன்பதாம் வளைவில், லோம்ஸ் காட்சிமுனையைக் காணாது வாந்தியெடுத்தவர் அருளிய பின்னிருக்கைப் பாடம், அதை வரிக்கு வரி கண்டிக்கும் முன்னிருக்கைப் பாடம், இரண்டையும் சமரசம் செய்யும் டிரைவர் உரை. இவ்வுரை இருபத்துமூன்றாம் வளைவோடு சிதைந்துள்ளது. உரையாசிரியர் டீ குடிக்க இறங்கிவிட்டார். எஞ்சிய பதினேழுக்கும் கிளீனர் எழுதிய இடைச்செருகலே வழங்குகிறது.

இவ்விதி புதிதன்று. 1819-இல் கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி ஏறியதற்கு ஒரு காரணம் இருந்தது. அவருக்குப் பின் ஏறியவர்களுக்கு முன்னால் ஒருவர் ஏறியிருந்ததே காரணம்.

இதை மறுக்க விரும்பும் பேராசிரியர்கள், வழக்கம்போல் மே மாதத்தில், வழக்கம்போல் உதகையில் கருத்தரங்கு கூட்டி மறுக்கலாம். ஏற்காட்டில் கூட்டுவதாயின், சென்ற ஆண்டு உதகைக்குப் போன துறை எதுவென்பதையும் அழைப்பிதழில் குறிப்பிடுவார்களாக.