கைபேசித் திரையில் வெற்றிடம் நால்வகைப்படும்

2007 ஜூன் 29 அன்று அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் ஐபோனும், அதைத் தொடர்ந்த சில ஆண்டுகளின் ஆண்ட்ராய்டு கருவிகளும் இணையப் பக்கங்களைக் காட்டிய முறை பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. அவை காட்டாமல் விட்ட முறை அதே அளவு கவனத்துக்கு உரியது. காட்டாமை என்பது ஒரே பொருள் அன்று. திரையில் தோன்றிய வெற்றிடம் வெண்மை, கட்டம், பெட்டி, செங்கல் என நால்வகைப்படும். ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது பிழை.

வெண்மையாவது, பக்கம் இன்னும் வந்து சேராத நிலை. முதல் ஐபோனில் 3ஜி இல்லை. வைஃபை எட்டாத இடத்தில் எட்ஜ் என்னும் மெதுவான இணைப்பே துணை. இவ்வெண்மை தொடக்க வெண்மை, இடைநின்ற வெண்மை என இருபாற்படும். எட்ஜில் பேச்சும் தரவும் ஒருங்கே செல்லா. பேசத் தொடங்கினால் பக்கத்தின் வரவு நின்றுவிடும். எனவே இடைநின்ற வெண்மையின் நீளம் பேச்சின் நீளமே. அது எதிர்முனையில் இருப்பவரின் இயல்பைப் பொறுத்தது.

கட்டம் விரிவாக நோக்கத்தக்கது. விரல் நகர்ந்தால் பக்கமும் உடன் நகர வேண்டும் என்பது ஐபோனின் தலையாய விதி. பக்கத்தை வரைவது 412 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கிய செயலியின் பணி; வரைந்து முடித்த துண்டுகளை நகர்த்துவது வரைகலைச் சில்லின் பணி. பின்னது விரைவு, முன்னது தாமதம். ஆகவே விரலால் வேகமாகச் சுண்டினால் வரைந்த பகுதி மேலேறி மறைய, வரையாத பகுதி சாம்பலும் வெள்ளையுமான சிறு சதுரங்களாய், சதுரங்கப் பலகையை ஒத்துத் தோன்றும். வேறொரு அமைப்பு இந்நிலையில் பக்கத்தை நிறுத்தி விரலைக் காக்கவைத்திருக்கும். ஐபோன் விரலை மதித்தது, கண்ணைக் காக்கவைத்தது.

வெண்மையே போதாதா, சதுரங்கள் எதற்கு என்னும் வினா இங்கு எழும். போதாது. வெள்ளைப் பரப்பு நகர்ந்தாலும் நகர்ந்ததாகத் தெரியாது. பக்கம் முடிந்துவிட்டது என்றும் மயங்க இடமுண்டு. சதுரங்கள் நகர்வது தெரியும். எனவே கட்டம், இன்னும் வராத ஒன்றின் இயக்கத்தைக் கண்ணுக்குக் காட்டும் உத்தி ஆகும். நால்வகையுள் சிந்தித்து வடிவமைக்கப்பட்டது என்று இதனையே சொல்லலாம்.

கட்டமும் இருவகை. இதுவரை காணாத பகுதியில் தோன்றுவது முற்கட்டம். படித்து முடித்த பகுதிக்குத் திரும்பும்போது தோன்றுவது மீள்கட்டம். கருவியின் நினைவகம் 128 மெகாபைட். கடந்த பகுதியின் படத்தை அது வெகுநேரம் வைத்திருக்க இயலாது. முன்னது அறியாமை, பின்னது மறதி. முற்கட்டத்தைப் பொறுத்துக்கொள்பவர் மீள்கட்டத்தைப் பொறுப்பதில்லை. நாற்பது வரிக்கு முன் தம் கண்ணால் கண்டதை இல்லை என்று சொல்லும் கருவியின் மீது அவருக்குச் சினம் எழுவது முறையே. அன்றைய ஐபோனின் சஃபாரி உலாவியில் எட்டுப் பக்கங்கள் வரை திறந்து வைக்க முடிந்தது. வேறு பக்கத்துக்குப் போய்த் திரும்புகையில் பழைய பக்கம் முழுதும் அழிந்து, மீண்டும் இறங்கத் தொடங்குவதும் உண்டு. அது மறதியே எனினும் கட்டமாகாது, வெண்மையுள் அடங்கும்.

நுண்ணெழுத்து வெற்றிடமாகுமா? மேசைக்கணினிக்கென அமைந்த பக்கத்தை 980 புள்ளி அகலம் உடையதாகக் கொண்டு 320 புள்ளித் திரையில் அடக்கினர். எழுத்து மூன்றில் ஒரு பங்காய்ச் சுருங்கிற்று. ஆயினும் இருமுறை தட்டினால் பத்தி விரியும். ஆகவே அது வெற்றிடம் அன்று. அந்த இரண்டாம் தட்டு வருமா என அறிய, ஒவ்வொரு முதல் தட்டுக்குப் பின்னும் உலாவி ஏறக்குறைய 300 மில்லிநொடி பொறுத்திருந்தது. கண்ணிமைப் பொழுதை மாத்திரை எனக் கொள்ளும் நம் இலக்கணப்படி, பக்கத்தில் உள்ள ஓர் இணைப்பைத் தட்ட ஒரு மாத்திரை கழிந்தது. இது காலத்தின் வெற்றிடமாதலின் இங்கு விரிக்கப்படவில்லை.

பெட்டி தமிழ் வாசகருக்குச் சிறப்பாக உரியது. தொடக்ககால ஆண்ட்ராய்டு கருவிகள் பலவற்றில் தமிழ் எழுத்துரு இல்லை. பக்கம் முழுமையாக வந்து சேர்ந்தது. வந்தவை யாவும் சிறு செவ்வகங்கள். குறியீட்டெண் ஒன்றுக்கு ஒரு செவ்வகம் என்பது கணக்கு. ‘கோயம்புத்தூர்’ என்னும் சொல் இலக்கணப்படி 7 எழுத்து, யூனிகோடுப்படி 13 குறியீடு. எனவே 13 பெட்டி. எழுத்துரு இருந்தும் எழுத்துகளை முறைப்படி கோக்கும் நெறி இல்லாத கருவிகளில் ஒற்றைக்கொம்பு மெய்க்குப் பின்னே நின்றது. அது பெட்டியன்று, இடப்பெயர்ச்சி. பெட்டிக்கு மருந்து ஓபரா மினி உலாவியில் இருந்தது. அதன் மறைவான அமைப்புப் பக்கத்தைத் திறந்து, சிக்கலான எழுத்துகளுக்குப் பிட்மேப் என்னும் விருப்பத்தை ‘ஆம்’ என மாற்றினால், தொலைவிலுள்ள வழங்கியே தமிழைப் படமாக வரைந்து அனுப்பும். தரவுச் செலவு கூடும், தமிழ் தெரியும். இந்த ஒரு மாற்றத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்த வாசகர்களின் தொண்டு போற்றத்தக்கது.

எஞ்சியது செங்கல். அடோபி நிறுவனத்தின் ஃபிளாஷ் மென்பொருளில் அமைந்த படமோ விளையாட்டோ இருக்க வேண்டிய இடத்தில் ஐபோன் ஒரு சிறு நீலச் செங்கல் வடிவைக் காட்டிற்று. பக்கத்தில் ஒரு மூலை மட்டும் ஃபிளாஷ் எனின் பகுதிச் செங்கல். முழுதும் ஃபிளாஷால் ஆன உணவகத் தளம் எனின் முழுச் செங்கல். 2010 ஜனவரி 27 அன்று ஐபேடை அறிமுகப்படுத்திய மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் நியூயார்க் டைம்ஸ் பக்கத்தைத் திறந்தபோதும் செங்கல் தோன்றியது. ஏனைய மூன்றும் பொறுத்தாலோ அமைப்பை மாற்றினாலோ தீரக்கூடியவை, இது தீராதது. தீர்வை எதிர்பார்க்கத் தேவையில்லாத வெற்றிடம் இது ஒன்றே என்பதால், நால்வகையுள் நேர்மையானதும் இதுவே. அடோபி 2011 நவம்பரில் கைபேசி ஃபிளாஷைக் கைவிட்டது. 2020 டிசம்பர் 31 அன்று ஃபிளாஷ் முழுமைக்குமான ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் மேசைக்கணினியிலும் ஃபிளாஷ் படங்கள் ஓடுவது தடுக்கப்பட்டது.