அளக்காமல் ஆற்றில் போடுவது எப்படி?

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொன்ன காலத்தில் கிரிப்டோ இல்லை. பணம் எங்கே போனது, யார் எடுத்தார், யாரிடம் கேட்பது என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரியாமல் சேமிப்பைத் தொலைக்க இதைவிடத் தோதான துறை இதுவரை அமைந்ததில்லை. அதில் முறையாக இறங்க விரும்புவோருக்காக இந்தக் கையேடு.

பழைய வழிகளில் ஒரு தொல்லை இருந்தது. 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டவர்களுக்கு, கம்பெனி கவிழ்ந்தபோது போய் நிற்க ஓர் அலுவலகம் இருந்தது. சட்டையைப் பிடிக்க ஓர் ஆள் இருந்தார். ஒன்றுமில்லாவிட்டாலும் கொட்டகையில் பசியோடு கத்திக்கொண்டிருந்த ஈமுவாவது இருந்தது. கிரிப்டோவில் பறவைக்குத் தீனி போடும் பொறுப்புகூட நம் தலையில் விழாது.

தேவையானவை

சேமிப்பு: பிஎஃப் பணம், பெண் கல்யாணத்துக்கு எடுத்துவைத்தது, எதுவானாலும் சரி. நகைக்கடன் என்றால் விசேஷம். அசலோடு வட்டியும் சேர்ந்து போகும்.
ஸ்மார்ட்ஃபோன்: ஒன்று.
கூச்சம்: ஏமாந்ததை வீட்டில் சொல்ல முடியாத அளவுக்கு.
நேரம்: தேவையில்லை. "இன்று இரவுக்குள் வாங்கினால்தான்" என்று எப்படியும் சொல்லிவிடுவார்கள்.

படி 1: என்ன வாங்குகிறோம் என்று கேட்காதீர்கள்

அரை கிரவுண்டு வாங்கினாலும் வில்லங்கச் சான்று பார்ப்பது நம் வழக்கம். அதை இங்கே கொண்டுவரக் கூடாது. பிட்காயின் 2009 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. உருவாக்கியவர் பெயர் சதோஷி நாகமோட்டோ; அவர் ஆணா, பெண்ணா, ஒரு கும்பலா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. "மொத்தமே 2.1 கோடி காயின்தான் வரும், அதனால் விலை ஏறித்தான் தீரும்" என்பார்கள். தலையாட்டுங்கள். நிலத்துக்குக் குத்தகை வரும், எஃப்டிக்கு வட்டி வரும், பங்குக்கு டிவிடெண்ட் வரும், பிட்காயினுக்கு என்ன வரும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நாம் கொடுத்ததைவிட அதிகம் கொடுத்து வாங்க இன்னொருவர் வருவார்; அவரிடமிருந்து வாங்க வேறொருவர் வருவார். அவ்வளவுதான் கணக்கு. 2022 பிப்ரவரியில் அன்றைய ரிசர்வ் வங்கி ஆளுநர் சக்திகாந்த தாஸ், கிரிப்டோக்களுக்கு அடிப்படையாக எதுவுமே இல்லை, ஒரு துலிப் பூகூட இல்லை என்றார். வயிற்றெரிச்சல் என்று தள்ளிவிடுங்கள்.

பிட்காயினே விலை அதிகமாகத் தெரிந்தால் புதிதாகப் பிறந்த காயினைத் தேடுங்கள். 2021இல் ‘ஸ்க்விட் கேம்’ தொடரின் பெயரை ஒட்டிக்கொண்டு ஒரு காயின் வந்தது. சில நாட்களில் 2,800 டாலரைத் தாண்டியது. பிறகு சில நிமிடங்களில் பூஜ்யத்துக்கு வந்தது. ஏறும்போதே பலர் விற்கப் பார்த்தார்கள், முடியவில்லை. வாங்க மட்டும்தான் வழி இருந்தது. விற்கவே முடியாத பொருளின் விலை ஏறத்தானே செய்யும்?

படி 2: ஆலோசகரைத் தேர்ந்தெடுங்கள்

செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் வேண்டாம். அவர் "லாபம் உறுதியில்லை" என்று பயமுறுத்துவார். டெலிகிராம் குரூப்பில் சேருங்கள். தினமும் காலையில் அட்மின் ‘சிக்னல்’ போடுவார், மதியம் யாராவது லாப ஸ்கிரீன்ஷாட் போடுவார், மாலையில் ஒருவர் வாடகைக் காருக்குப் பக்கத்தில் நின்று நன்றி சொல்வார். குரூப்பில் இருநூறு பேர் இருந்தால், அதில் எத்தனை பேர் ஒரே ஆள் என்று ஆராய வேண்டாம்.

உறுதியான லாபம் சொல்கிற திட்டமாகப் பார்த்துச் சேருங்கள். ‘கெயின்பிட்காயின்’ மாதம் 10 சதவீதம், 18 மாதம் தருவதாகச் சொல்லி நாடு முழுக்க வசூலித்தது. ‘பிட்கனெக்ட்’ மாதம் 40 சதவீதம் வரை என்றது. 2018 ஜனவரியில் கடையைச் சாத்தியது. நிறுவனர் குஜராத்காரர். 240 கோடி டாலர் மோசடி என்று அமெரிக்க அரசு வழக்குப் போட்டிருக்கிறது. இதெல்லாம் படிக்காதவர்களுக்கான வலை என்று நினைப்பவர்களுக்குப் படித்தவர்களுக்கான வலையும் தயாராகவே இருக்கிறது. ‘டெர்ராயுஎஸ்டி’ என்று ஒரு காயின், எப்போதும் ஒரு டாலருக்குச் சமமாகவே நிற்கும் என்றார்கள். அதைப் போட்டுவைத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 20 சதவீத வட்டி. வரைபடம், சமன்பாடு, ஆங்கிலத்தில் ஆய்வறிக்கை எல்லாம் இருந்தது. 2022 மே மாதம் ஒரே வாரத்தில் அதுவும் அதன் ஜோடிக் காயினும் சரிந்து, சுமார் 4,000 கோடி டாலர் மதிப்பு காற்றோடு போனது.

படி 3: வங்கியை நம்பாதீர்கள், எக்ஸ்சேஞ்சை நம்புங்கள்

கையேட்டின் இதயம் இந்தப் படிதான், நிதானமாகப் படிக்கவும். கிரிப்டோ எதற்கு வந்தது? இடைத்தரகரே வேண்டாம், வங்கியே வேண்டாம் என்பதற்கு. எனவே வங்கியிலிருந்து பணத்தை எடுங்கள். எடுத்து இன்னோர் இடைத்தரகரிடம் கொடுங்கள். இவர் பெயர் எக்ஸ்சேஞ்ச். வங்கி மூழ்கினால் ஒரு வாடிக்கையாளருக்கு 5 லட்ச ரூபாய் வரை காப்பீடு உண்டு. எக்ஸ்சேஞ்ச் மூழ்கினால் மின்னஞ்சல் உண்டு.

‘செல்சியஸ்’ என்ற கிரிப்டோ நிறுவனத்தின் தலைவர், வங்கிகள் உங்கள் நண்பர்கள் அல்ல என்ற வாசகத்தை டி-ஷர்ட்டில் போட்டுக்கொண்டு மேடை மேடையாக நின்றவர். 2022 ஜூனில் வாடிக்கையாளர் யாரும் பணத்தை எடுக்க முடியாதபடி நிறுத்திவைத்தது அந்த நண்பரின் நிறுவனம். 2025 மே மாதம் அவருக்கு 12 ஆண்டு சிறை. ‘எஃப்டிஎக்ஸ்’ எக்ஸ்சேஞ்சின் நிறுவனர் சாம் பேங்க்மேன் ஃப்ரீடுக்கு 25 ஆண்டு.

கனடாவின் ‘குவாட்ரிகா’ எக்ஸ்சேஞ்சின் கதை இந்திய மண்ணில் முடிந்தது. அதன் தலைவர் ஜெரால்ட் காட்டன் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூருக்கு வந்த இடத்தில் இறந்துபோனார். காயின்களை வைத்திருக்கும் வாலட்டுகளின் கடவுச்சொல் அவருக்கு மட்டும்தான் தெரியும் என்றார்கள். கனடாவே கைபிசைந்து நின்றது. ஆனால் வாலட்டுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க மட்டும் சாவி தேவையில்லை. பிளாக்செயின் ஊர் பார்க்கத் திறந்து கிடக்கும் பேரேடு. பார்த்தார்கள். அவர் இறப்பதற்கு மாதக்கணக்கில் முன்பே பெட்டிகள் காலி. வாடிக்கையாளர் பணத்தை அவர் மோசடி வர்த்தகத்தில் தொலைத்திருந்தார் என்று விசாரணையில் தெரிந்தது.

தலைவர் யோக்கியராகவே இருந்தாலும் கவலை வேண்டாம், தொலைக்க வழி உண்டு. இந்தியாவின் ‘வாசிர்எக்ஸ்’ தன் வாலட் ஒன்றுக்கு ஆறு சாவி வைத்திருந்தது. ஐந்து தன்னிடம், ஒன்று பாதுகாப்பு நிறுவனத்திடம். நான்கு பேர் கையெழுத்திட்டால்தான் காயின் நகரும். 2024 ஜூலை 18 அன்று நான்கு கையெழுத்தும் விழுந்தன. நிறுவனம் பிறகு கொடுத்த விளக்கம் இது: திரையில் காட்டியது ஒன்று, கையெழுத்தானது வேறொன்று. வழக்கமான பரிமாற்றம் என்று நினைத்து ஒப்புதல் தந்தவர்கள், பெட்டியின் கட்டுப்பாட்டையே திருடனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். போனது சுமார் 23 கோடி டாலர், நம் கணக்கில் கிட்டத்தட்ட 2,000 கோடி ரூபாய். வட கொரியக் கைவரிசை என்று அமெரிக்காவும் ஜப்பானும் தென் கொரியாவும் கூட்டாகச் சொல்லின. அதே ரகத் திரை வித்தையில் 2025 பிப்ரவரியில் ‘பைபிட்’ எக்ஸ்சேஞ்ச் இழந்தது சுமார் 150 கோடி டாலர்.

திருட்டைவிட அதற்குப் பிறகு நடந்ததுதான் பாடம். நஷ்டத்தை எல்லோரும் பகிர்ந்துகொள்வோம் என்றது வாசிர்எக்ஸ். திருடு போன காயினை வைத்திராதவர்களும் பங்கு தர வேண்டும். இங்கே கேஒய்சி கொடுத்து, இங்கத்திய வங்கியிலிருந்து பணம் அனுப்பியவர்கள், விவகாரம் சிங்கப்பூர் நீதிமன்றத்தில் நடப்பதைச் செய்தியில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். 2025 அக்டோபரில்தான் எக்ஸ்சேஞ்ச் மறுபடி திறந்தது. பிளாக்செயினை யாரும் உடைக்கவில்லை, கவனியுங்கள். பூட்டு கெட்டி. சாவி வைத்திருந்தவர்களைத்தான் ஏமாற்றினார்கள்.

படி 4: அல்லது நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்

எக்ஸ்சேஞ்சை நம்பாத கெட்டிக்காரர்களுக்கு இந்த வழி. சொந்த வாலட் தொடங்கினால் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள் வரிசையாகத் தரப்படும். அந்த வரிசை தெரிந்தவரே சொத்துக்காரர். அடையாளம் கேட்க மாட்டார்கள், ஓடிபி வராது, ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?’ என்ற பொத்தானும் கிடையாது.

அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கேலரியில் வையுங்கள். கேலரிப் படங்களைத் துழாவி இந்தச் சொற்களைப் பொறுக்கும் திருட்டு ஆப்களுக்கு வேலை மிச்சம். காகிதத்தில் எழுதினால் பழைய பேப்பர்காரர் வரும் நாள்வரை மேசைமேல் விடுங்கள். வேல்ஸில் ஒருவருடைய ஹார்டு டிரைவ் 2013இல் இப்படித்தான் குப்பைக்குப் போனது. அதில் சுமார் 8,000 பிட்காயின். குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு வழக்காடினார், 2025 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

மனைவியிடமோ பிள்ளைகளிடமோ மூச்சு விடாதீர்கள். எல்ஐசிக்கு நாமினி உண்டு. இந்தப் பன்னிரண்டு சொல்லுக்கு வாரிசு, உங்கள் ஞாபகம் மட்டுமே.

படி 5: வரி மிச்சம் பிடியுங்கள்

2022 ஜூலை முதல் காயின் விற்றால் 1 சதவீதம் டிடிஎஸ். அதைத் தவிர்க்க, முகம் தெரியாத ஒருவருக்கு நேரடியாக விற்றுவிடுங்கள். நீங்கள் காயினை அனுப்ப, அவர் உங்கள் வங்கிக் கணக்கில் ரூபாய் போடுவார். அந்த ரூபாய் எந்த ஊரிலோ ஒரு முதியவரை வீடியோ காலில் மிரட்டிப் பறித்ததாக இருக்கலாம். அவர் புகார் கொடுத்ததும் சைபர் போலீஸ் பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு வரும். சம்பளம் விழும் நாளில் உங்கள் கணக்கு முடங்கியிருக்கும். பெயரைக்கூடக் கேள்விப்படாத காவல் நிலையத்துக்கு ரயில் டிக்கெட் போடும்போது, மிச்சம் பிடித்த ஒரு சதவீதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

முறையாக வரி கட்டினாலும் ஏமாற்றம் இல்லை. லாபத்தில் 30 சதவீதம் வரி, அதன்மேல் 4 சதவீதம் செஸ். ஒரு காயினில் ஒரு லட்சம் லாபம், இன்னொன்றில் ஒரு லட்சம் நஷ்டம் என்றால் கையில் நிற்பது பூஜ்யம். வரி 31,200 ரூபாய். நஷ்டத்தைக் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. சம்பாதிக்காத பணத்துக்கு வரி கட்டும் கௌரவம் வேறெங்கு கிடைக்கும்?

படி 6: இரண்டாம் முறை தொலையுங்கள்

முதல் முறை தொலைத்துவிட்டு ஓய்ந்து உட்காருபவர்கள் கற்றுக்குட்டிகள். சில நாட்களில் ஓர் அழைப்பு வரும். பேசுபவர் வழக்கறிஞராகவோ சைபர் நிபுணராகவோ சர்வதேச அமைப்பின் அதிகாரியாகவோ இருப்பார். உங்கள் காயின் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது, விடுவிக்கக் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்பார். எவ்வளவு இழந்தீர்கள் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். எப்படித் தெரியும் என்று யோசித்தால் படி தவறிவிடும்; ஏமாந்தவர்களின் பட்டியலுக்கும் சந்தையில் விலை உண்டு.

1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைத்துவிடாதீர்கள். முதல் ஓரிரு மணி நேரத்திலேயே அழைத்தால், வங்கி வழியாகப் போன பணத்தை இடையில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. காயினாக மாறி நாலு வாலட் தாண்டட்டும், ஆற அமரப் புகார் கொடுக்கலாம்.

அடிக்கடி கேட்கப்படுபவை

பிட்காயினில் சம்பாதித்தவர்களே இல்லையா?
உண்டு. 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்டது, ஓராண்டில் 16,000க்குக் கீழே போனது, 2024 டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. கீழே வாங்கி மேலே விற்றவர் சம்பாதித்தார். மேலே அவரிடம் வாங்கியவர் யார் என்பதுதான் நம் கையேட்டின் பாடுபொருள்.

எக்ஸ்சேஞ்ச் அரசிடம் பதிவு செய்திருக்கிறதே?
2023 முதல் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பதிவு செய்ய வேண்டும். உங்களால் கறுப்புப் பணம் புழங்காமல் அரசைப் பாதுகாக்க வந்த ஏற்பாடு அது. எக்ஸ்சேஞ்சிடமிருந்து உங்களைப் பாதுகாக்கும் ஏற்பாடு எது என்று கேட்டால், அடுத்த கேள்விக்குப் போகலாம்.

எல்லாப் படியையும் பின்பற்றியும் ஆப்பில் லாபம்தான் காட்டுகிறது. என்ன செய்ய?
காட்டுவது லாபமில்லை, எண். முழுத் தொகையையும் வங்கிக் கணக்குக்கு எடுத்துப் பாருங்கள். "முதலில் வரி கட்டினால்தான் விடுவிப்போம்" என்று ஆப் சொன்னால் வாழ்த்துகள், சரியான வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள். மாறாக, பணம் அப்படியே வந்து சேர்ந்துவிட்டால் எங்கோ ஒரு படியை விட்டுவிட்டீர்கள். டெலிகிராமைத் திறக்கவும். அட்மின் இன்றைய சிக்னலைப் போட்டிருப்பார்.