காக்காய்க்கு மட்டும் 37 கிலோமீட்டர்

திருவள்ளூரில் குடியிருந்துகொண்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவனிடம், "எவ்வளவு தூரம்?" என்று கேட்கக் கூடாது. மூன்று பதில் வரும். ஆகாய மார்க்கமாகச் சுமார் 37 கிலோமீட்டர். சாலையில் 50-ஐத் தொடும். ரயிலில் போனால் 85-க்குக் குறையாது. மூன்றும் சத்தியம்.

ரயில் கதைதான் விசேஷம். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு வெள்ளைக்காரன் ரயில் விட்டபோதே திருவள்ளூருக்குத் தண்டவாளம் வந்தாயிற்று. கும்மிடிப்பூண்டி இருப்பதோ கூடூர் போகிற பாதையில். இரண்டு பாதையும் பார்த்துக்கொள்வது பேசின் பிரிட்ஜில். ஆகவே, வடகிழக்கே போக வேண்டிய நான் முதலில் கிழக்கே கிளம்பி, ஆவடி, அம்பத்தூர், வில்லிவாக்கம் எல்லாரையும் நலம் விசாரித்து, பேசின் பிரிட்ஜில் இறங்கி அடுத்த வண்டிக்குக் கொட்டாவி விட்டு, எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி என்று மறுபடி வடக்கே ஏற வேண்டும். பக்கத்து வீட்டில் தயிர் கடன் வாங்கத் தெருவையே வலம் வருகிற மாதிரி.

பஸ்ஸில் போகலாமே என்பீர்கள். போகலாம். கொசஸ்தலையாற்றைத் தாண்டி, பெரியபாளையத்தில் ஆரணியாற்றைத் தாண்டி, கவரைப்பேட்டையில் கொல்கத்தா நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டும். ஆடி மாதம் ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் விழுந்தால் மட்டும் பெரியபாளையத்து பவானி அம்மன்தான் துணை. வேப்பிலை கட்டிய கூட்டத்துக்கு நடுவே பஸ் நகராது. அம்மன் பார்த்து வழி விட்டால்தான் உண்டு.

இத்தனைக்கும் இரண்டு ஊரும் ஒரே மாவட்டம். 1997-ல் செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரித்தபோது திருவள்ளூரைத் தலைநகராக்கினார்கள். திங்கட்கிழமை மனுவோடு கலெக்டர் ஆபீஸ் வரும் கும்மிடிப்பூண்டிக்காரருக்கு, மனுவில் எழுதியது ஒரு குறை, வந்து சேர்ந்தது இன்னொரு குறை.

நேர்க்கோட்டுத் தூரத்தில் எனக்கு மரியாதை உண்டு. 1802-ல் லாம்டன் துரை பரங்கிமலைப் பக்கம் சங்கிலி போட்டு அளந்து தொடங்கியதில்தான் இந்திய தேசமே முக்கோணம் முக்கோணமாக வரைபடத்தில் ஏறியது. ஆனால் அவர் அளந்தது தேசத்தை, பயணப்படியை அல்ல.

எங்கள் கம்பெனியின் கணக்குப் பிரிவு சாருக்கு இந்த வித்தியாசம் பிடிபடவில்லை. ஒரு வேலையாகத் திருவள்ளூருக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து பயணப்படி வவுச்சரில் ஒரு வழித் தூரம் 50 என்று போட்டுக் கொடுத்தேன். அவர் போனில் தட்டிப் பார்த்து, சிவப்பு மையால் 37 என்று திருத்தினார்.

"சார், அது விமானம் பறக்கிற தூரம்."

"அப்ப கிட்டத்தான இருக்கு?"

"இருக்கு சார். ஆனா ரெண்டு ஊர்லயும் ஏர்போர்ட் இல்ல. சென்னையோட புது ஏர்போர்ட்டுக்கு நம்ம மாவட்டத்துப் பன்னூரையும் பாத்தாங்க. 2022-ல பரந்தூருக்குக் கொடுத்துட்டாங்க. இப்ப நான் பறக்கணும்னா மீனம்பாக்கம் போகணும். அதுவும் பக்கத்துல இல்ல."

அவர் அசையவில்லை. எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. "சரி சார், தூரத்த ஆகாயத்துல போட்டுட்டீங்க. ரேட்டையும் ஆகாயத்துலயே போட்டுடுங்க. பிளைட் டிக்கெட் காசு கொடுங்க."

கண்ணாடியை இறக்கி என் வவுச்சரை முன்னும் பின்னும் புரட்டினார்.

"போர்டிங் பாஸ் இணைக்கலையே?"